மலை எந்தப் பக்கம்

தூத்துக்குடி
12.6.2025

அன்புத் தம்பி இனியனுக்கு அக்கா எழுதுவது.

நான், மாமா, பூஜாக்குட்டி மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீயும் அம்மாவும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? ‘நலம்’ என்று ஒரு வார்த்தையில் எழுதி ஏமாற்றாதே. அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று எழுது. நலமா இல்லையா என்பதை நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. தவிர, நான் தபால் ஆபீசில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவள். என் கூடப்பிறந்தவனே கடிதம் போடாவிட்டால் ஊரில் வேறு யார் போடுவார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, ஒற்றை ஆளாக வீடியோ கேம் செய்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறாய். முப்பத்தொரு வயது ஆகிறது. இதெல்லாம் ஒரு வேலையாடா? அம்மா என்னிடம், “கம்ப்யூட்டர்ல ஒரு பொண்ணு குதிச்சிக்கினே இருக்குது, இவன் பார்த்துக்கினே இருக்கான்டி” என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

கார்த்திகை தீபம் வரைக்கும் உனக்கு டைம். அதற்குள் கேம் வெளியே வந்துவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். வராவிட்டால், உன் பிரெண்டு செழியன் சென்னையில் உனக்காகப் பார்த்து வைத்திருக்கிற வேலையில் மறுவாரமே சேர்ந்துவிட வேண்டும். சம்மதமா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அப்பாவை வெயிலில் கடலைக் கொல்லைக்குப் போகும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்ளச் சொல்.

அக்கா
தமிழ்செல்வி


அடி அண்ணாமலை
24.6.2025

அக்காவுக்கு,

நேற்று களியும் கத்திரிக்காய்க் காரக்குழம்பும். இரண்டு உருண்டை தின்றேன். இதிலிருந்து என் நலத்தைக் கண்டுபிடித்துக்கொள். அப்பா துண்டு போட்டுக்கொள்கிறார், ஆனால் தோளில். மாமாவும் பூஜாவும் சுகமா?

சம்மதம். தீபத்தன்று கேம் வெளியே வரும். வராவிட்டால் செழியன் சொன்ன இடத்துக்கு நான் போகிறேன்.

நீ ஒரு முறைகூட ‘அது என்ன கேம்’ என்று கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஜோதி என்று ஒரு எட்டு வயதுப் பெண். அவளுடைய ஆட்டுக்குட்டி கிரிவலப் பாதையில் ஓடிவிட்டது. உச்சி வெயில். மலையைச் சுற்றுகிற பாதை என்பதால் காலில் செருப்பு கிடையாது. தார் ரோடு எப்படிச் சுடும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அவள் நிழலுக்கு நிழல் தாவித்தான் போக வேண்டும். நிழல் இல்லாத இடத்தில் நிழலை உண்டாக்க வேண்டும், அதுதான் புதிர். இளநீர் வண்டியைத் தள்ள வேண்டும். புளிய மரத்துக் குரங்கை விரட்டிக் கிளையைச் சாய்க்க வேண்டும். குடை பிடித்து நடக்கும் பெரியவர் பின்னாலேயே நகர வேண்டும். யாரும் சாக மாட்டார்கள், யாரையும் யாரும் சுட மாட்டார்கள். தப்பாகக் கால் வைத்தால் ‘ஸ்ஸ்’ என்று பழைய நிழலுக்குத் துள்ளி வந்துவிடுவாள், அவ்வளவுதான். சின்னப் பிள்ளையும் அப்பா அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடலாம். பின்னால் முழுக்க நம் மலை. அதை வரையவே எனக்கு நாலு மாதம் ஆனது.

இதோடு ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். முதல் மூன்று கட்டங்கள் அதில் இருக்கின்றன, போனில் போட்டால் ஓடும். பூஜாவிடம் கொடு. விளையாடி முடித்ததும் கார்டை எனக்கே திருப்பி அனுப்பு. உனக்கு நேரமில்லை என்று தெரியும்.

இனியன்


தூத்துக்குடி
9.7.2025

தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது. களி இரண்டு உருண்டை என்றால் நீ நன்றாகவே இருக்கிறாய்.

கார்டைப் பூஜாவிடம் கொடுத்தேன். எனக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்? காலையில் ஆபீஸ், சாயங்காலம் சமையல். அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டாம் கட்டத்தில் குடைப் பெரியவர் ரொம்ப வேகமாக நடக்கிறாராம். அந்த வயதில் வேட்டியோடு யார் அப்படி ஓடுவார்கள்? கொஞ்சம் கம்மி பண்ணு. குரங்கை விரட்டுவதற்குக் கல் எடுக்க வேண்டாம், வாழைப்பழத் தோலைக் காட்டினாலே இறங்கி வரும் என்கிறாள். மூன்றாம் கட்டத்தில் இளநீர் வண்டியை முதலில் பின்னால் இழுத்துப் பிறகுதான் முன்னால் தள்ள வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனதாம். கண்டுபிடித்தபோது மேஜையைத் தட்டிவிட்டாளாம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம்.

உன் மாமா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுத்தா கேம் முடிஞ்சிரும்லா” என்றார். அவர் ஊர்க்காரர்களுக்குக் கிரிவலம் என்ன தெரியும்?

மூன்று கட்டத்தோடு நின்றுவிடுகிறதே, அடுத்தது எப்போது? பூஜா கேட்கிறாள்.

அக்கா


அடி அண்ணாமலை
22.7.2025

அக்காவுக்கு,

இன்று அப்பா கொண்டுவந்த பச்சைக் கடலையை அம்மா வேகவைத்தார். ஒரு முறம் காலி. எல்லாரும் நலம்.

உன் கடிதத்தை எட்டுத் தடவை படித்தேன். மேஜையைத் தட்டினாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அக்கா, இந்த ஒன்றரை வருடத்தில் என் கேமுக்காக ஒருவர் மேஜையைத் தட்டியது இதுதான் முதல் தடவை.

பெரியவரை நிதானமாக நடக்க வைத்துவிட்டேன். குரங்குக்குப் பழத்தோல் கொடுத்துவிட்டேன். ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் வெளியூர்க்காரர்கள் குழந்தைகளோடு வருவார்கள். அங்கே லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். பெயர் தெரியாத ஒரு குட்டிப் பெண் குரங்கு இறங்குவதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பாலைக் கொட்டிவிட்டாள். கடைக்காரர் என்னைத்தான் முறைத்தார்.

இப்போது முதல் எட்டுக் கட்டமும் முடிந்துவிட்டன. கடைசிக் கட்டம் ஒன்றுதான் பாக்கி. தீபத்துக்கு நாலு மாதம் இருக்கிறது, ஊதித் தள்ளிவிடுவேன். கார்டு இதோடு வருகிறது. பூஜாவுக்கு என் முத்தம்.

இனியன்


தூத்துக்குடி
11.8.2025

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தால் நான் உன் அக்கா இல்லை.

ஜோதி மலையை இடமாகச் சுற்றுகிறாள்.

படத்தில் அவள் இடப்பக்கமிருந்து வலப்பக்கமாகப் போகிறாள். மலை அவளுக்குப் பின்னால் தெரிகிறது. அப்படியானால் மலை அவளுடைய இடது கைப்பக்கம் இருக்கிறது. கிரிவலத்தில் மலை எப்போதும் வலது கைப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? எனக்கே சந்தேகமாக இருந்ததால் டிபன் பாக்ஸை மலையாக வைத்து, தேதி முத்திரையை ஜோதியாக வைத்து, மேஜைமேல் சுற்றிப் பார்த்தேன். எப்படிச் சுற்றினாலும் தப்புதான் வருகிறது.

வெளியூரில் யாருக்கும் தெரியாது. ஆனால் நம் ஊரில் பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். சாவுக் காரியத்தின்போது இடமாகச் சுற்றுகிற மாதிரி அந்தக் குழந்தையைச் சுற்ற வைத்திருக்கிறாயேடா.

கோபித்துக்கொள்ளாதே. கேம் நன்றாக இருக்கிறது என்று பூஜா சொல்கிறாள்.

அக்கா


தூத்துக்குடி
3.9.2025

தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கடிதம் வந்து சேரவில்லை என்று மட்டும் சொல்லாதே, உன் ஊர்த் தபால்காரரிடமே விசாரித்துவிட்டேன்.

அம்மாவிடம் போனில் கேட்டால், “சாப்புடறான், ஆனா தட்டுல இன்னா இருக்குன்னு கேட்டா தெரியாது” என்கிறார். எனக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை. நேற்று ஒருவருக்கு ஸ்டாம்பைக் கொடுக்காமல் மிச்சச் சில்லறையை மட்டும் கொடுத்தேன்.

நான் பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். சண்டை போட வேண்டுமென்றாலும் எழுதிப் போடு.

அக்கா


அடி அண்ணாமலை
12.9.2025

அக்காவுக்கு,

கோபம் இல்லை. நீ சொன்னது சரி. நான் சாப்பிட்டது எனக்கு ஞாபகமில்லை.

கடிதம் வந்த அன்று வீட்டு வாசலில் நின்று பார்த்தேன், பிறகு ரோட்டில் நடந்து பார்த்தேன். இந்தப் பாதையில் பிறந்து வளர்ந்தவன் நான். இதைக்கூடக் கவனிக்காமல் ஒன்றரை வருடம் வரைந்திருக்கிறேன் என்று நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

மொத்தப் படத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டேன். ஜோதி வலமிருந்து இடமாக ஓடினாள். கடைப் பலகையில் எழுத்தெல்லாம் இடம் வலமாகிவிட்டது. அதைக்கூடத் திரும்ப எழுதிவிடலாம். ஆனால் காபிக் கடையில் கொடுத்துப் பார்த்தேன். எல்லாக் குழந்தைகளும் வலப்பக்கமே ஓடிப் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லா கேமிலும் அப்படித்தான் ஓடுவது, விரலுக்குப் பழகிவிட்டது. அந்தக் குட்டிப் பெண்கூட இந்தத் தடவை சிரிக்கவில்லை. மலையை எடுத்துவிடலாம் என்றால், மலை இல்லாமல் எதற்கு இந்த கேம்?

புதிதாக வரைந்தால் இன்னும் ஒரு வருடம் ஆகும். நான் கொடுத்த வார்த்தை தீபம் வரைக்கும்தான். செழியனுக்கு நேற்று வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ ஜெயித்துவிட்டாய். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

மாமாவையும் பூஜாவையும் கேட்டதாகச் சொல்.

இனியன்


தூத்துக்குடி
16.9.2025
(ஸ்பீட் போஸ்ட்)

டேய்,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். உன்னை யார் அதற்குள் செழியனிடம் சொல்லச் சொன்னது? தீபம் வரைக்கும் என்றுதானே சொன்னேன். இது புரட்டாசி பிறக்கப் போகிற நேரம்.

நான் ஜெயித்தேன் என்று எழுதியதைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. உன்னை ஜெயித்து நான் என்னடா பண்ணப் போகிறேன்?

இப்போது நான் சொல்வதைச் செய். இந்தக் கடிதத்தோடு எழுந்து போய் நம் வாசல்படியில் உட்கார். நம் வீடு ரோட்டுக்கு எந்தப் பக்கம்? மலைப் பக்கம். வாசல் ரோட்டைப் பார்த்தது, பின்வாசல் மலையைப் பார்த்தது. சின்ன வயதில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி நீயும் நானும் வாசலில் குடத்தை வைத்துக்கொண்டு நீர்மோர் கொடுப்போமே, கூட்டம் எந்தப் பக்கமிருந்து வரும்? இடது கைப்பக்கமிருந்து. எந்தப் பக்கம் போகும்? வலது கைப்பக்கம். லட்சம் பேர் போவதை நீ அந்தப் படியில் உட்கார்ந்து பார்த்தவன். அதனால்தான் ஜோதியை அப்படி ஓட வைத்தாய். அது தப்பே இல்லை.

பின்வாசலில் நின்று பார்த்தால் மலை. அதுவும் தப்பில்லை. ஆனால் வாசலில் பார்த்த கூட்டத்தையும் பின்வாசலில் பார்த்த மலையையும் ஒரே படத்தில் ஒட்டிவிட்டாய் பார், அங்கேதான் கோளாறு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு உள்ளவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

ஜோதியைத் தொடாதே. பின்னால் இருக்கிற மலையை எடுத்துவிட்டு, எதிர்வரிசை வீடு, வயல், கிணறு, டீக்கடை என்று வாசலில் இருந்து தெரிவதை வை. விளையாடுகிறவர்களை நம் படியில் உட்கார வை. மலை அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஜோதியின் வலது கை நம்மைப் பார்த்து இருக்கும். சரிதானே? டிபன் பாக்ஸ் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டேன், சரியாக வருகிறது.

செழியனுக்குப் போன் போட்டு, அக்கா திட்டுகிறாள் என்று சொல்.

அக்கா


அடி அண்ணாமலை
4.10.2025

என் அக்காவுக்கு,

காலையில் ஆறு இட்லி. மத்தியானம் சோறு, கொள்ளு ரசம், அப்பளம். இடையில் இரண்டு தோசை. அம்மா அரிசி டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

படியில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஆளாக ஒரு அம்மா தலையில் கூடையோடு இடப்பக்கமிருந்து வலப்பக்கமாகப் போனார். நான் சத்தமாகச் சிரித்ததில் அவர் பயந்து கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

செழியன், “உங்க அக்கா திட்டுனா நான் குறுக்க வரல சாமி” என்று சொல்லிவிட்டான். இரண்டு வாரமாக எதிர்வரிசையை வரைகிறேன். நாலு மாதம் மலை வரைந்தவனுக்கு டீக்கடை எம்மாத்திரம்? ஆனால் ஒரு குறை. எட்டுக் கட்டத்திலும் மலை கண்ணில் படவே இல்லை. அது இருக்கிறது என்று விளையாடுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? கடைசிக் கட்டத்துக்கு ஒரு யோசனை இருக்கிறது, சொல்ல மாட்டேன்.

இன்னொரு சின்னச் சந்தேகம். நீ திருப்பி அனுப்புகிற கார்டில், விளையாடிய நாளும் நேரமும் தானாகவே பதிவாகும். எல்லாமே திங்கள் முதல் வெள்ளி வரை, மத்தியானம் ஒன்றே காலிலிருந்து ஒன்று ஐம்பது வரை. பூஜாவின் பள்ளிக்கூடத்தில் ரொம்ப நல்ல டீச்சர்கள் போலிருக்கிறது. தேதி முத்திரையெல்லாம் விளையாடக் கொடுக்கிறார்கள்.

இனியன்


தூத்துக்குடி
15.10.2025

தம்பிக்கு,

நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. மாமா குடையைத் தொலைத்துவிட்டார். பூஜாவுக்குக் கணக்கில் தொண்ணூற்று இரண்டு.

தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவையும் அப்பாவுக்கு வேட்டியும் பார்சலில் வருகின்றன. உனக்கு ஒரு நீலச் சட்டை. அளவு சரியா என்று எழுது. ஆறு இட்லி தின்றால் சரியாக இருக்காது.

உன் கடிதத்தில் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டியதாக எனக்குத் தெரியவில்லை. கடைசிக் கட்டத்தைச் சீக்கிரம் அனுப்பு.

அக்கா


அடி அண்ணாமலை
24.11.2025

அக்காவுக்கு,

சட்டை வயிற்றில் மட்டும் டைட். மற்றபடி நாங்கள் நலம், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். ஊரில் இன்றைக்குத் தீபக் கொடியேற்றம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை.

கேம் முடிந்துவிட்டது. மூன்றாம் தேதி, மலையில் தீபம் ஏற்றுகிற அன்று காலையிலேயே வெளியிடுகிறேன். பெயர் ‘நிழலுக்கு நிழல்’. அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நம்ம வாசல் மாதிரியே இருக்குதே, கோலத்தைக் காணோம்” என்றார். உட்கார்ந்து கோலம் போட்டேன்.

கடைசிக் கட்டத்தை எல்லாருக்கும் முன்னால் உனக்கு அனுப்புகிறேன். பூஜாவுக்கு இல்லை, உனக்கு.

தம்பி
இனியன்


தூத்துக்குடி
5.12.2025
(ஸ்பீட் போஸ்ட்)

என் தங்கத்துக்கு,

நாங்கள் நலம். நேற்று நான் சாப்பிடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தீபத்தன்று காலையிலேயே கேம் வெளியே வந்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னார், ஆனால் கூட்டத்தில் சிக்கிய உன் கார்டு எனக்கு அன்று சாயங்காலம்தான் கிடைத்தது. நேற்று மத்தியானம் ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுக் கடைசிக் கட்டத்தைத் தொட்டேன். ஜோதி மலையைச் சுற்றி டவுனுக்கே திரும்பி வந்துவிட்டாள். மணி ஐந்து. தேரடித் தெரு முழுக்க வெயில், ஒரு துண்டு நிழல் இல்லை, தள்ளுவதற்கு வண்டி இல்லை, குடைப் பெரியவரும் இல்லை. கோடியில் ஆட்டுக்குட்டி நிற்கிறது. எதை எதையோ தட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. போடா என்று விரலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன்.

அப்போதுதான் படத்தின் அடியிலிருந்து, என் பக்கமிருந்து, நிழல் மெல்ல ஏறியது. முதலில் ரோட்டோரம், பிறகு பாதி ரோடு, பிறகு தெரு முழுக்க. நம் ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு டவுன்மேல் விழுகிற மலை நிழல். எட்டுக் கட்டமும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜோதி ஒரு காலை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. அப்புறம் ஓடினாள் பார், தாவாமல், நிற்காமல், குட்டியைக் கட்டிப் பிடிக்கிற வரைக்கும்.

அதன் பிறகு அவள் திரும்பி, மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். மலைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னைப் பார்த்தல்லவா கும்பிட்டாள்? நான் என்னடா பண்ணுவேன்? நானும் கும்பிட்டேன். எங்கள் போஸ்ட்மாஸ்டர் பாஞ்சாலை மேடம், “என்னாச்சு தமிழ்செல்வி?” என்று ஓடி வந்தார். “என் தம்பி செஞ்சது மேடம்” என்று அவருக்கும் காட்டினேன். இரண்டு பேருமே சாப்பிடவில்லை. இரண்டு மணிக்குக் கவுண்டரைத் திறக்கும்போது அவர் இரண்டாம் கட்டத்தில் இருந்தார்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று ஜூனில் எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. வேண்டாம், வைத்துக்கொள், நான் தோற்றதற்கு அத்தாட்சி வேண்டுமே. செழியனிடமும் இதைச் சொல்.

அடுத்த கேம் என்ன என்று எனக்கு இப்போதே தெரிந்தாக வேண்டும், உன் பதில் கடிதம் வந்து சேரும் வரை பொறுக்க முடியாது. திங்கட்கிழமை போன் பண்ணு. மூன்று நிமிடத்துக்கு மேல் பேசிப் பார்ப்போம்.

மத்தியானம் ஒன்றே காலுக்குக் கூப்பிடு. பூஜா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். நான் இருப்பேன்.

அக்கா